ஸ்லேவ் என்றால் உறைக்கவில்லை, அடிமை என்றால் உறைக்கிறதே!

காமர்ஸ் படிக்கிறவனுக்கு கம்ப்யூட்டர்காரர்கள் சண்டையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான். ஆனால் நான் படிப்பது வெறும் பி.காம். இல்லை. பின்னால் ‘கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்’ என்று ஒரு வால் உண்டு. டெபிட், கிரெடிட்டோடு டேட்டாபேஸும் படித்தாக வேண்டும். அங்கேதான் இந்த விஷயம் கண்ணில் பட்டது.

விஷயம் இதுதான். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் கையேடுகளில் ‘மாஸ்டர் - ஸ்லேவ்’, ‘பிளாக்லிஸ்ட் - ஒயிட்லிஸ்ட்’ போன்ற சொற்கள் இருக்கலாமா கூடாதா என்று பல வருடங்களாக ஒரு சண்டை. “மனிதனை மனிதன் விற்ற காலத்து வார்த்தை, எடுத்துவிடுங்கள்” என்று ஒரு பக்கம். “இயந்திரத்துக்கு ஏதய்யா மானம்? வேலையைப் பாருங்கள்” என்று இன்னொரு பக்கம். நான் முதல் பக்கம் சாய்ந்துதான் எழுதப் போகிறேன். ஆனால் இரண்டாவது பக்கத்திலும் சரக்கு இருக்கிறது. அதையும் பார்த்துவிடலாம்.

அந்த வார்த்தை என்ன வேலை செய்கிறது?

கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒரு பெரிய கடையின் கணக்கு முழுக்க ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இருந்தால் ஆபத்து. அது படுத்தால் கடையே படுத்துவிடும். அதனால் ஒரு சர்வரில் மட்டும் எழுதுவார்கள். மற்ற சர்வர்கள் அதைப் பார்த்து அப்படியே காப்பி எடுத்துக்கொண்டே இருக்கும். கேள்வி கேட்டால் காப்பியும் பதில் சொல்லும். எழுதுகிற சர்வருக்கு மாஸ்டர் என்றும், காப்பி எடுக்கிற சர்வருக்கு ஸ்லேவ் என்றும் பெயர் வைத்திருந்தார்கள்.

இது கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்த ஜோடி இல்லை. ரான் எக்லாஷ் என்ற ஆய்வாளர் 2007-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தொழில்நுட்பத்தில் இந்த ஜோடி பயன்பட்டதற்கு அவர் காட்டும் மிகப் பழைய உதாரணம் 1904-ஆம் வருடத்தது. இடம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வானாய்வகம். டேவிட் கில் என்ற வானியலாளர் ஒரு தலைமைக் கடிகாரத்தையும், அதைப் பின்பற்றி ஓடும் இன்னொரு கடிகாரத்தையும் விவரிக்கும்போது இந்தச் சொற்களைப் போட்டார். அதே கேப் பகுதியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1834-ல். அதாவது எழுபது வருடம் முன்னால்தான். நிஜ அடிமைகளின் பேரன் பேத்திகள் நடமாடிய ஊரில்தான் கடிகாரத்துக்கு அந்தப் பெயர் விழுந்திருக்கிறது.

அங்கிருந்து அது கார் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தது. இன்றும் நம்மூர் மெக்கானிக் “கிளட்ச்சுல ஸ்லேவ் சிலிண்டர் போயிடுச்சு சார்” என்று சர்வசாதாரணமாகச் சொல்வார். பிறகு பழைய கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கில் ஜம்பர் மாட்டுகிற இடத்துக்கு வந்தது. அப்புறம் டேட்டாபேஸ். எல்லாருக்கும் பழகிவிட்டது. பழகியதாலேயே யாரும் கவனிக்கவில்லை.

சண்டையின் கதை, சுருக்கமாக

2003-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாகத்தில் வேலை பார்த்த ஒருவர், வீடியோ டேப் கருவியில் மாஸ்டர், ஸ்லேவ் என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்துப் புகார் கொடுத்தார். அந்த வருட நவம்பரில் நிர்வாகம் தனக்குப் பொருள் சப்ளை செய்கிறவர்களுக்கெல்லாம் “இந்தச் சொற்களைத் தவிருங்கள்” என்று எழுதியது. உலகமே கேலி செய்தது. ‘அதிகப்பிரசங்கித்தனமான நாகரிகம்’ என்பதற்கு உதாரணமாக அதைக் காட்டினார்கள்.

2014-ல் ஜாங்கோ என்ற இணையதளக் கட்டமைப்பு மென்பொருள் தன் கையேட்டில் அந்த ஜோடியை மாற்றியது. முதலில் லீடர் - ஃபாலோயர் என்றார்கள், பிறகு பிரைமரி - ரெப்ளிகா என்று முடிவு செய்தார்கள்.

2018 செப்டம்பரில் பைதான் மொழியிலும் அது வெடித்தது. விக்டர் ஸ்டின்னர் என்ற முக்கியப் பங்களிப்பாளர் சில இடங்களில் இந்தச் சொற்களை மாற்றச் சொன்னார். “யார் புண்பட்டார்கள், ஆதாரம் காட்டு” என்று சிலர் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் பைதானை உருவாக்கிய கைடோ வான் ரோஸமே தலையிட்டு முடித்து வைத்தார். அந்த ஜூலையில்தான் அவர் தலைமைப் பொறுப்பை விட்டு விலகியிருந்தார், பாவம்! பெரும்பாலான இடங்களில் மாற்றம் ஏற்கப்பட்டது. யுனிக்ஸின் அடித்தளத்திலேயே அந்தப் பெயர் இருக்கிற ஓர் இடத்தில் மட்டும் அப்படியே விட்டார்கள்.

அதே சமயத்தில்தான் ரெடிஸ் கதையும். அதை உருவாக்கிய இத்தாலிக்காரர் சால்வதோரே சான்ஃபிலிப்போ, இந்த மாற்றத்தில் தனக்கு உடன்பாடில்லை என்று முதலில் எழுதினார். ஆனாலும் 2018-ல் வந்த ரெடிஸ் 5-ல் ஸ்லேவ் போய் ரெப்ளிகா வந்தது. பழைய கட்டளையும் வேலை செய்யும்படி வைத்துவிட்டார்கள். மாஸ்டர் என்ற சொல்லைத் தொடவில்லை.

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே செத்துப்போனார். அதற்குப் பிறகு எல்லாமே வேகமாக நடந்தது. ஜூலையில் லினக்ஸ் கெர்னல், புதிதாக எழுதும் நிரலில் இந்தச் சொற்கள் வேண்டாம் என்று தன் எழுத்து விதிகளில் சேர்த்தது. அதே மாதம் மைஎஸ்கியூஎல் சோர்ஸ் - ரெப்ளிகா என்று மாறப்போவதாக அறிவித்தது. அக்டோபர் 1 முதல் கிட்ஹப்பில் புதிதாகத் தொடங்கும் திட்டங்களின் முதன்மைக் கிளைக்கு மாஸ்டர் என்பதற்குப் பதிலாக மெயின் என்று பெயர் விழுந்தது.

இதுவரை அமெரிக்கா, ஐரோப்பா கதை. இனி நம்ம கதை.

தமிழில் சொல்லிப் பாருங்கள்

எங்கள் வகுப்பில் நாலைந்து பேர் சேர்ந்து, தமிழ் மீடியத்திலிருந்து வந்த ஜூனியர்களுக்காக டேட்டாபேஸ் பாடத்தைத் தமிழில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தோம். மாஸ்டர் - ஸ்லேவ் ரெப்ளிகேஷன் வந்தது. எங்களிடம் இருந்த புத்தகம் பழைய பதிப்பு. ஒருவன் படபடவென்று எழுதினான்: “ஆண்டான் சர்வர் சொல்வதை அடிமை சர்வர் அப்படியே செய்யும்.”

மொழிபெயர்ப்பு என்ற வகையில் குறையே இல்லை. ஆண்டான் - அடிமை என்பது தமிழில் தயாராக இருக்கிற ஜோடி. ஓசைகூட நன்றாக இருக்கிறது. ஆனால் எங்களோடு இருந்த இன்னொருவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அவன் டெல்டா பக்கம்.

“எங்க தாத்தா பண்ணையாள்டா. அவரை ‘ஆண்டை’ வீட்டு ஆள்னுதான் சொல்லுவாங்க, பேரு சொல்ல மாட்டாங்க. நீங்க எழுதிக்கோங்க. ஆனா ஜூனியர்ஸ் முன்னால நின்னு இதை நான் வாசிக்க மாட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. “டீ எனக்கு வேண்டாம்” என்பது போல சாதாரணமாகச் சொன்னான். அதே பையன் அதுவரை “மாஸ்டர், ஸ்லேவ்” என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். பரிட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறான். இங்கிலீஷில் இருந்தவரை அது வெறும் டெக்னிக்கல் வார்த்தை. தமிழுக்கு வந்ததும் அதற்குள் அவன் தாத்தா இருந்தார்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அடிமை முறை ஏதோ அமெரிக்கப் பருத்திக் காட்டுச் சமாச்சாரம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தியாவில் அடிமை முறைக்கு எதிராகக் கம்பெனி ஆட்சி சட்டம் போட்டது 1843-ல். அப்புறமும் பழக்கம் போகவில்லை. தஞ்சாவூர்ப் பண்ணையாட்களுக்காகத் தனியாக 1952-ல் ஒரு பாதுகாப்புச் சட்டம் தேவைப்பட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1976-ல். நம்மில் பலருடைய அப்பாக்கள் அப்போதே பிறந்துவிட்டார்கள்.

கடைசியில் குறிப்பில் என்ன எழுதினோம் தெரியுமா? ‘அசல் சர்வர், நகல் சர்வர்’. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் போய் நின்றால் அரை மணி நேரத்தில் நூறு தடவை காதில் விழுகிற ஜோடி. ஜூனியர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அசலில் எழுது, நகல் தானாக மாறும், அசல் தொலைந்தால் நகல் கைகொடுக்கும். அவ்வளவுதான் பாடம்! மைஎஸ்கியூஎல் தேர்ந்தெடுத்த சோர்ஸ் - ரெப்ளிகாவும் ஏறத்தாழ இதே அர்த்தம்தான்.

யோசித்துப் பாருங்கள், பழைய ஜோடி பொருத்தமாகக்கூட இல்லை. அடிமை எஜமானைப் போல ஆக முடியாது. ஆனால் ஸ்லேவ் சர்வரின் முக்கியமான வேலையே, மாஸ்டர் படுத்தால் அந்த இடத்துக்கு வருவதுதான். எந்த ஊர் அடிமைக்கு அப்படிப் பதவி உயர்வு கொடுத்தார்கள்? :-)

கண்ணாடியைத் திருப்பினால்

“எனக்கு அந்த வார்த்தை உறுத்தவில்லையே” என்பதுதான் எதிர்த்தரப்பின் பெரிய வாதம். உண்மையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் உறுத்தாததற்குக் காரணம் வார்த்தை சுத்தமானது என்பதா, அல்லது அது நம்மிடமிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கிறது என்பதா?

இதற்கு ஒரு தமிழ் உதாரணம் இருக்கிறது. இங்கிலீஷில் ‘பரையா’ என்று ஒரு சொல் உண்டு. எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன் என்று அர்த்தம். லண்டன், நியூயார்க் பத்திரிகைகள் ஏதாவது ஒரு நாட்டை ஒதுக்கி வைத்தால் ‘பரையா ஸ்டேட்’ என்று எழுதும். நம்மூர்த் தெருநாய்க்கு இங்கிலீஷில் ‘இந்தியன் பரையா டாக்’ என்று பெயர். எழுதுகிறவர்கள் நல்லவர்கள், படித்தவர்கள். யாரையும் புண்படுத்த வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்குக் கிடையாது. அது ஒரு தமிழ்ச் சாதியின் பெயர் என்பதும், அந்தச் சாதியில் பிறந்த லட்சக்கணக்கான மனிதர்கள் இன்றும் அந்தச் சொல்லை வசையாகக் கேட்கிறார்கள் என்பதும் அவர்கள் மனதில் ஓடுவதில்லை. பல பேருக்குத் தெரியவே தெரியாது.

அந்தச் செய்தியைப் படிக்கும்போது நமக்குச் சுருக்கென்கிறது. இங்கிலீஷ்காரரைக் கேட்டால் “அது இங்கிலீஷ் வார்த்தை ஆகி நானூறு வருடமாச்சு, இப்போது அதற்கும் சாதிக்கும் சம்பந்தமில்லை” என்பார். “ஸ்லேவ் என்பது டெக்னிக்கல் வார்த்தை, அதற்கும் கறுப்பர்களுக்கும் சம்பந்தமில்லை” என்று நாம் சொல்வதும் அதே வாதம்தானே? இரண்டில் ஒன்றை மட்டும் எப்படி ஒப்புக்கொள்வது?

இன்னும் பக்கத்தில் வருகிறேன். காலனி. சென்னையில் பேங்க் காலனி, ரயில்வே காலனி என்றால் அது வெறும் விலாசம். வாடகை எவ்வளவு என்று கேட்போம். கிராமத்தில் “அவன் காலனிக்காரன்” என்றால் அதற்கு அர்த்தமே வேறு, சொல்லுகிற தொனியும் வேறு. ஒரே மாநிலம், ஒரே மொழி, ஒரே வார்த்தைதான். 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில், இந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று அறிவித்தபோது, ஊர்ப்பக்கத்து நண்பர்கள் யாரும் “ஏன்?” என்று கேட்கவில்லை. நகரத்தில் வளர்ந்த நண்பர்கள்தான் கேட்டார்கள்.

ஆக, ‘எனக்கு உறைக்கவில்லை’ என்பது அந்த வார்த்தையைப் பற்றிய தகவல் இல்லை. நான் எங்கே நிற்கிறேன் என்பதைப் பற்றிய தகவல். நான் சொல்ல வந்ததே இதுதான்.

செலவுக் கணக்கு

இப்போது எதிர்த்தரப்பின் நல்ல வாதத்துக்கு வருகிறேன். மாற்றுவது சும்மா நடக்காது. கையேட்டில் திருத்துவது சுலபம். ஆனால் கட்டளையின் பெயரே ‘ஸ்டார்ட் ஸ்லேவ்’ என்று இருந்தால்? உலகம் முழுக்க யார் யாரோ எழுதி வைத்த ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன நிரல்கள் அந்தக் கட்டளையை நம்பி ஓடுகின்றன. ஒரே ராத்திரியில் மாற்றினால் காலையில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியின் பில்லிங் நிற்கும். அதைச் சரிசெய்ய வேண்டியவன் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலன், அல்லது மூன்று மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பப்படும் ஒரு சிஸ்டம் அட்மின். பெயர் மாற்றச் சொன்னவர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்.

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இதற்கு காமர்ஸில் ஏற்கெனவே வழி இருக்கிறது. கணக்கியல் நியமங்களில் ஒரு மதிப்பீடு மாறினால், உதாரணமாக ஒரு இயந்திரத்தின் ஆயுட்காலம், பழைய வருடக் கணக்குகளையெல்லாம் கிழித்து எழுதச் சொல்வதில்லை. இன்றிலிருந்து புதிய மதிப்பீட்டின்படி போ என்பார்கள். லினக்ஸ் செய்தது அச்சு அசலாக அதுதான். புதிதாக எழுதுவதில் வேண்டாம். ஏற்கெனவே வெளியே மற்றவர்கள் நம்பியிருக்கிற இடங்களில், பழைய ஹார்டுவேர் விவரக்குறிப்பில் இருக்கிற இடங்களில் அப்படியே இருக்கட்டும் என்று விதிவிலக்கும் கொடுத்தார்கள்.

மைஎஸ்கியூஎல்லும் அவசரப்படவில்லை. ‘ஸ்டார்ட் ரெப்ளிகா’ 2020-ல் வந்தது. பழைய ‘ஸ்டார்ட் ஸ்லேவ்’ கட்டளையை முழுக்க எடுத்தது 2024-ல் வந்த 8.4 பதிப்பில்தான். நடுவில் இரண்டும் வேலை செய்தன. நாலு வருட அவகாசம் என்பது நியாயமான நோட்டீஸ் பீரியட் என்றுதான் எனக்குப் படுகிறது.

பெயர் மாற்றினால் உலகம் கவிழ்ந்துவிடும் என்பவர்களுக்கு எங்கள் துறையிலிருந்தே ஓர் உதாரணம். ‘சண்ட்ரி டெப்டார்ஸ்’, தமிழ் மீடியத்தில் ‘பற்பல கடனாளிகள்’ என்று படித்திருப்பீர்கள். 2011-ல் கம்பெனிகளின் இருப்புநிலைக் குறிப்புக்கான படிவம் திருத்தப்பட்டபோது அது ‘டிரேட் ரிசீவபிள்ஸ்’ ஆனது. டேலியைத் திறந்தால் இன்னும் சண்ட்ரி டெப்டார்ஸ் என்றுதான் இருக்கிறது. பேலன்ஸ் ஷீட்டில் புதிய பெயர், டேலியில் பழைய பெயர். ஆடிட்டர்கள் யாரும் தெருவில் இறங்கிப் போராடவில்லை. இரண்டு வருடம் முணுமுணுத்தார்கள், பழகிக்கொண்டார்கள்.

கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பழைய வார்த்தையை வைத்திருப்பதும் இலவசம் இல்லை. அதற்கும் செலவு உண்டு, அது யார் பெயரிலும் வவுச்சராக வருவதில்லை. வாசிக்க மாட்டேன் என்று என் நண்பன் பேனாவைக் கீழே வைத்தானே, அது அந்தச் செலவு. அவன் அன்று வாய் திறந்து சொன்னான். சொல்லாமல் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எந்த லெட்ஜரிலும் பதிவாகாது.

பெயர் மட்டும் மாறினால்?

இது எதிர்த்தரப்பின் இரண்டாவது நல்ல வாதம். கறுப்பின மக்களே பலர் சொன்னதுதான். நாங்கள் கேட்டது போலீஸ் சீர்திருத்தம், வேலைவாய்ப்பு. நீங்கள் கொடுத்தது கிளையின் பெயர் மாற்றம்.

கிட்ஹப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ‘ஐஸ்’ அமைப்போடு வைத்திருந்த ஒப்பந்தத்தை விடச் சொல்லி 2019-ல் அதன் ஊழியர்களே போராடினார்கள். கம்பெனி ஒப்பந்தத்தை விடவில்லை. அடுத்த வருடம் மாஸ்டர் மெயின் ஆனது. எது சுலபமோ அது நடந்தது.

நம்மூரிலும் அதே 2020 ஜூலையில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ க்ரீம் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனதே, ஞாபகம் இருக்கிறதா? டியூபின் பெயர் மாறியது. கல்யாண விளம்பரங்களில் ‘சிவப்பான பெண் தேவை’ மாறவில்லை.

நான் இதை மறுக்கப் போவதில்லை. பெயர் மாற்றத்தைச் செய்துவிட்டு “எங்கள் கடமை முடிந்தது” என்று கணக்கை முடிப்பவர்களை நம்பக் கூடாது. ஆனால் அதற்காகப் பெயர் மாற்றமே வேண்டாம் என்பதும் சரியில்லை. 1922-ல் எம்.சி.ராஜா சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசுப் பதிவுகளில் ‘ஆதி திராவிடர்’ என்ற பெயர் வந்தது. அதனால் தீண்டாமை ஒழிந்துவிட்டதா? இல்லை. அதனால் அது வீண் வேலையா? அதுவும் இல்லை. சர்ட்டிபிகேட்டில் தன்னை என்ன பெயரில் எழுதுகிறார்கள் என்பது அதை வாங்கக் கை நீட்டுகிறவனுக்குத் தெரியும். பெரிய வேலை நடக்காததற்குச் சின்ன வேலையைக் குறை சொல்லக் கூடாது.

அப்போ எல்லா வார்த்தையையும் மாற்றணுமா?

இல்லை. இங்கேதான் நிதானம் வேண்டும். எனக்குத் தெரிந்து மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

1. தமிழில் சொல்லிப் பார்த்தால் எப்படி இருக்கிறது? ‘ஜிம்ப்’ என்ற படம் திருத்தும் மென்பொருளை நாமெல்லாம் பயன்படுத்துகிறோம். பெயரில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு நொண்டி என்று அர்த்தம் உண்டு, வசை. ‘ஊனமுற்றோர்’ என்பதே வேண்டாம் என்று ‘மாற்றுத்திறனாளி’ கொண்டுவந்த ஊர் நம்முடையது. இங்கே ஒரு மென்பொருளுக்கு ‘நொண்டி’ என்று பெயர் வைத்து ஸ்கூலில் போட்டுக் கொடுப்போமா? 2019-ல் சிலர் ‘கிளிம்ப்ஸ்’ என்று பெயர் மாற்றித் தனியாகப் பிரித்துக்கொண்டு போனார்கள். வேலை செய்ய ஆள் போதாமல் 2021-ல் நிறுத்திவிட்டார்கள். செலவுக் கணக்கு பொய் இல்லை என்பதற்கு இதுவும் சாட்சி.

2. அது மனிதர்களுக்கு வைத்த பெயரா, வெறும் செயலா? யுனிக்ஸில் ‘கில்’ என்று ஒரு கட்டளை. தமிழில் ‘கொல்’ என்றாலும் யாருடைய தாத்தாவையும் அது குறிக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். மாஸ்டர் என்ற சொல் தனியாக நிற்கும்போதும் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. மாஸ்டர் காப்பி, டேலியில் மாஸ்டர்ஸ், டீக்கடை மாஸ்டர், எல்லாம் வேறு வகை. ஸ்லேவ் பக்கத்தில் வந்து நின்றால்தான் அது ஆண்டை ஆகிறது. ‘ஆர்ஃபன் ப்ராசஸ்’, அதாவது தாய் ப்ராசஸ் முடிந்துபோய்த் தனியாக ஓடுகிற ப்ராசஸ், அது மட்டும் எனக்கு இழுபறி. ‘அநாதை’ என்று தமிழில் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

3. புதிய சொல் பழையதைவிடத் தெளிவாக இருக்கிறதா? பிளாக்லிஸ்ட் என்ற சொல் இனவெறியில் பிறந்தது இல்லை என்பார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் ‘பிளாக்கா, ஒயிட்டா, எது உள்ளே விடும், எது விடாது’ என்று முதல்முறை படிக்கிறவன் குழம்புவான். தடைப்பட்டியல், அனுமதிப்பட்டியல் என்றால் விளக்கமே வேண்டாம். இங்கிலீஷை இரண்டாவது மொழியாகப் படிக்கிற நமக்குத்தான் இதில் லாபம் அதிகம்.

இந்த மூன்றாவது கேள்விக்கு வருமான வரிப் பாடத்தில் ஒரு வார்த்தை மாட்டுகிறது. 2018 பட்ஜெட்டில் பங்குகளின் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு மறுபடி வரி போட்டபோது, 2018 ஜனவரி 31 வரை சேர்ந்த லாபத்துக்கு விலக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் ‘கிராண்ட்ஃபாதரிங்’. தாத்தாவுக்கும் ஷேருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் அமெரிக்காவில் இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென் மாநிலங்களில் கறுப்பர்கள் ஓட்டுப் போடாமல் தடுக்க எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். அதில் எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளையர்களும் மாட்டிக்கொண்டால்? “உன் தாத்தா 1867-க்கு முன்னால் ஓட்டுரிமை உள்ளவராக இருந்தால் உனக்குத் தேர்வு வேண்டாம்” என்ற மாதிரி விதி போட்டார்கள். கறுப்பரின் தாத்தா அடிமையாயிற்றே, அவருக்கு ஏது ஓட்டு! 1915-ல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அந்த ஏமாற்று விதியின் பெயர்தான் இன்று நம்மூர் வரிப் புத்தகத்தில் எந்த அடையாளமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ‘பழைய லாபத்துக்கு விலக்கு’ என்று எழுதினால் அர்த்தமும் புரியும், தாத்தாவும் நிம்மதியாக இருப்பார்.

யாரையும் திட்டி இதை எழுதவில்லை. பழைய கையேட்டில் ஸ்லேவ் என்று எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. கைக்கு வந்த சொல்லை எடுத்து எழுதியவர்கள். ஆனால் கையேடு என்பது தெரியாதவனுக்காக எழுதப்படுவது. அவன் யார், எந்த ஊர், அவன் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று எழுதுகிறவருக்குத் தெரியப் போவதில்லை. அதைவிடத் தெளிவான இன்னொரு சொல் கையிலேயே இருக்கும்போது அதை எடுத்து வைப்பதில் என்ன நஷ்டம்?

உங்கள் துறையிலும் இப்படி இங்கிலீஷில் உறைக்காமல் தமிழில் உறைக்கிற வார்த்தை ஏதாவது இருக்கும். ஒரு தடவை தமிழில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் நாலு பேர் இருக்கிற அறையில்.